நீலக் கொடி

மூன்றாம் வளைவில் கொடி பிடித்தவன் நான்.
கந்தப்பளைக்கு மேலே, அடைத்துப்போட்ட ஸ்டோருக்குப் பின்னால்
அரை மைல் செம்மண் வட்டம்,
எல்லாம் இடப்பக்கத் திருப்பம்.
சித்திரை லீவில் ஒருநாள் அதற்கு உயிர் வரும்.
மற்ற நாளெல்லாம் மாடு மேயும்.

வேதமுத்து,
உன்னை நான் கண்டது வருஷத்தில் பதினைந்து சுற்று,
சுற்றுக்கு இரண்டு செக்கன்,
இருபத்தேழு வருஷம்.
இரவு ஷிப்டில், கொழுந்து வாடும் தட்டோரம் குந்தியிருந்து
ஒருதரம் பெருக்கிப் பார்த்தேன்:
பதின்மூன்றரை நிமிஷம்.
அதிலும் வலது கன்னம் மட்டும்.

முதல் வருஷம் ஓர் ஓட்டை ஸ்டார்லட்.
கதவில் முப்பத்தேழு, ஏழின் கால் வழிந்திருந்தது,
பெயின்ட் காயுமுன் கொண்டுவந்திருப்பாய்.
லிந்துலைக் கராஜ்காரன் என்றார்கள்.
எல்லாரும் பிரேக் மிதிக்கும் சவுக்கு மரத்தைத் தாண்டியும்
ஒரு மூச்சு பொறுத்தாய்.
என் சாரமெல்லாம் சேறு.
அன்றைக்கு நீ நான்காவது.

நீலக் கொடி தெரியுந்தானே,
‘பின்னால் வேகமானவன் வாறான், வழி விடு.’
முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம்
உனக்காக அதை மற்றவர்களுக்குக் காட்டினேன்.
கொழும்புப் பொடியன்கள், அப்பன் காசு, புது டயர்,
கண்ணாடியில் உன் மூக்கைக் கண்டதும் பதறி ஒதுங்குவான்கள்.
இருந்தும் நீ கப் எடுத்தது ஒரேயொருமுறை,
மூன்றாவதாக வந்தவனின் எஞ்ஜினை அவிழ்த்துப் பார்த்து
அவனைத் தள்ளிவிட்டதால்.
அந்தக் கப்பில் இப்போது நட்டுகள் கிடப்பதாகக் கேள்வி.

ஒரு வருஷம் கவிழ்ந்தாய்.
மஞ்சளை ஆட்டிய எனக்குக் கால் நடுங்கியது.
நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்ற
ஜன்னலால் ஒரு கை வந்து
மண்ணைத் தட்டிப் பார்த்தது,
மாடு வாங்க வந்தவன் முதுகைத் தட்டுவதுபோல.
பிறகுதான் நீ வந்தாய்,
ஹெல்மெட்டோடு, எனக்கு முதுகு காட்டி.

பத்தொன்பதாவது வருஷம்.
தூறல். பனி இறங்கி மரம் பாதிதான் தெரிந்தது.
ஒன்பதாம் சுற்றில் உன் பின்னால் ஒரு ஹொண்டா.
என் கை நீலத்தை எடுத்தது.
கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
யாருடையதோ போல.
உயர்த்தினேன்.

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது.
கண்டேன், என்கிற மாதிரி.
வெளிப்பக்கம் ஒதுங்கினாய், என்னை உரசாத குறை.
அந்தச் சுற்றில் மட்டும்
மூன்று செக்கன் இருக்கும்.

அதற்குப் பிறகும் எட்டு வருஷம் வந்தாய்.
ஏன் என்று கேட்க
இரண்டு செக்கன் போதாது.

பெற்றோல் இல்லாத வருஷம் ரேஸும் இல்லை.
நானுஓயா ஷெட்டில் இரண்டாம் நாள் வரிசை.
மச்சானின் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு பழைய கார்,
ஒருத்தர் கதவோரம் நடந்தபடி தனியே தள்ளினார்.
பாவம் என்று பின்னால் போய்த் தோள் கொடுத்தேன்.
திரும்பினார். இடது கன்னத்தில்
ரேடியேட்டர் வெந்நீர் பட்ட பழைய தழும்பு.
யாரென்று தெரியவில்லை.
ஜன்னலுக்குள் விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில்
ஒரு விரல் எழுந்தது, நன்றிக்கு.
பிறகுதான் கதவைப் பார்த்தேன்,
சுரண்டியும் போகாத ஏழு.

முன்னால் அறுபது வண்டி.
ஒன்றையும் நீ முந்தவில்லை.

“மூன்றாம் வளைவு,” என்றேன்.
நெடுநேரம் பார்த்தாய்.
“கொடிதான் தெரியும்.
ஆளைப் பார்க்க எங்க நேரம்?”

பிறகு நீயாகவே,
“அந்தச் சவுக்கை வெட்டிட்டாங்களாமே.”
“போன மாசம். விறகுக்கு.”
“அப்ப இனி எங்க பிரேக் பிடிக்கிறது?”

எனக்குத் தெரியவில்லை.
முன்னால் இருந்த வான் ஓரடி நகர்ந்தது.
தள்ளினோம்.